ஆறு பாட்டு மட்டும் மிஞ்சியது: பெயர் தெரியாத புளூஸ் கிட்டார் கலைஞர்களும் நம் தோட்டப் பாட்டுகளும்



வரலாற்றுக் கட்டுரையில் நம் பிள்ளைகள் அடிக்கடி எழுதும் ஒரு வரி உண்டு: "தோட்டப்புற மக்கள் பெரும் துன்பங்களை அனுபவித்தனர்." வரி சரிதான். ஆனால் திருத்துகிற ஆசிரியர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் என்ன பதில் சொல்வீங்க? யார் சொன்னது? எதில் இருக்கு? தோட்ட அலுவலகப் பதிவேட்டில் ஆள் கணக்கு இருக்கும், சம்பளக் கணக்கு இருக்கும், பால் கணக்கு இருக்கும். விடியற்காலை இருட்டில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்கு நடந்த பெண் மனசில் என்ன ஓடியது என்பது அந்தப் பதிவேட்டில் இருக்காது. அது அவள் பாடிய பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டு இப்போது எங்கே இருக்கு?

இதற்கு விடை தேட இந்த முறை கொஞ்சம் தூரம் போய் வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய இசைக்கு புளூஸ் என்று பெயர். அதில் பெரிய பெயர் எடுக்காத சில கிட்டார் கலைஞர்களின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சித்தியவானில் இருக்கும் நமக்கு அவர்கள் கதை எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் பாடியதும் தோட்டத்துப் பாட்டுதான். ஒரே ஒரு வித்தியாசம், அவர்களில் சிலருடைய குரலை யாரோ ஒருவர் பதிவு செய்து வைத்தார். அந்த ஒரு காரியம் வரலாற்றை எப்படி மாற்றிவிட்டது என்று பாருங்க.

புளூஸ் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகள் கையிலேயே இருந்தது. விடுதலையான மக்கள் அதே நிலத்தில் பங்கு விவசாயிகளாக வேலை செய்தார்கள். விதை, கருவி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முதலாளியின் கடையில் கடனாக வாங்க வேண்டும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பலருக்குக் கடன்தான் மிஞ்சும். தோட்டத்துக் கடையில் 'கணக்கில் எழுதிக்கோ' என்று சொல்லி அரிசி வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீங்க. அவர்களுடைய முன்னோர் சந்தையில் விற்கப்பட்ட அடிமைகள். நம் முன்னோர் ஒப்பந்த முறையிலும், பிறகு கங்காணி முறையிலும் வந்தவர்கள். ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-ல் நிறுத்தப்பட்டது. 1938-ல் இந்திய அரசு, உதவி கொடுத்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. தேர்வில் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் ஒற்றுமைக்கு ஒரு பத்தி, வேற்றுமைக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள். ஒற்றுமையை மட்டும் எழுதினால் அது பாதி விடைதான்.

புளூஸ் பாட்டின் அமைப்பு எளிமையானது. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே மறுபடி பாடுவார்கள். மூன்றாவது அடியில் அதற்கு ஒரு பதில் வரும். ஒவ்வோர் அடி முடிந்ததும் கிட்டார் தன் பங்குக்கு ஏதோ சொல்லும். ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூட்டம் செய்த வேலையை இங்கே ஒற்றைக் கிட்டார் செய்கிறது.

சிலர் கத்தியையோ உடைந்த பாட்டிலின் கழுத்தையோ கிட்டார் தந்தியின் மேல் வைத்துச் சறுக்கி வாசிப்பார்கள். அப்போது தந்தி மனிதக் குரல்போல இழைந்து அழும். நம்மிடமும் இப்படி ஒரு வாத்தியம் இருக்கிறது. கோட்டு வாத்தியம் என்கிற சித்திர வீணையை ஒரு கட்டையால் சறுக்கித்தான் வாசிக்கிறார்கள். 1995-ல் 'மும்தாஸ் மஹால்' என்று ஓர் இசைத் தொகுப்பு வந்தது. அதில் தாஜ் மஹால் என்ற பெயர் கொண்ட அமெரிக்க புளூஸ் கலைஞரோடு நம் சித்திர வீணை ரவிகிரணும் மோகன வீணை விஷ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்தார்கள். வகுப்பில் போட்டுக் காட்டினால், சறுக்கி வாசிப்பது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளர் 1941-ல் தன் வரலாற்றை எழுதினார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சுமார் 1903-ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சிறிய ஊரின் ரயில் நிலையத்தில் அவர் ரயிலுக்காகக் காத்திருந்தார். கிழிந்த உடை போட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்டார் தந்தியில் கத்தியை அழுத்தி வாசித்துப் பாடினார். ஹேண்டி அதுவரை கேட்டிராத இசை அது. சீனாவின் ஃபூச்சோவிலிருந்து மெதடிஸ்ட் குடியேறிகள் நம் சித்தியவானுக்கு வந்து இறங்கியதும் 1903-ல்தான். இந்த ஊரின் கதை தொடங்குகிற அதே காலத்தில் உலகின் மறுகோடியில் புளூஸ் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அன்று அந்த ரயில் நிலையத்தில் வாசித்தவர் யார்? பெயர் தெரியாது. ஹேண்டி அதை எழுதி வைக்கவில்லை. 'புளூஸின் தந்தை' என்ற பட்டம் கேட்டவருக்குக் கிடைத்தது. வாசித்தவர் 'கிழிந்த உடை போட்ட ஒருவர்' என்று ஒரு வரியோடு நின்றுவிட்டார்.

நாற்காலிக் கம்பெனி போட்ட இசைத்தட்டு

1920-ல் மாமி ஸ்மித் என்ற பாடகியின் ஒரு புளூஸ் தட்டு அமோகமாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு பாடகர்களைத் தேடித் தென் மாநிலங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் வரவில்லை. விற்கும் என்று வந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் முக்கியமான பெயர் பாராமவுண்ட். இது சினிமாக் கம்பெனி இல்லை, வேறு. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமானது. கிராமபோன் பெட்டிக்கு மரக்கூடு செய்யத் தொடங்கியவர்கள், பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டுமே என்று தட்டு போட்டார்கள். 1929 முதல் 1932 வரை கிராஃப்டன் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு பதிவுக்கூடம் இருந்தது. ஒலித்தரம் சுமார்தான். தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனாலும் பல கலைஞர்களின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் கூடத்தால்தான்.

ஒரு சின்னச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்துதான் போனது. அமெரிக்கப் பருத்திக் காட்டுப் பாட்டு பதிந்தது இந்தியக் காட்டு அரக்கில் என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழைய தட்டுகளை வாங்கி உடைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். எத்தனை பாட்டு அப்படிப் போனதோ!

இன்னொன்று: தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பதிய முடியும். சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு வெகுநேரம் நீட்டிப் பாடும் பாட்டைக்கூட 3 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஆகவே தட்டில் இருப்பது உண்மையான குரல், ஆனால் முழுப் பாட்டு அல்ல. சான்றுகளை ஆராயும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்றும் தன்னை உருவாக்கிய கருவியின் அளவுக்குள்தான் பேசும்.

நான்கு கதைகள்

முதலாவது, கீச்சி வைலியும் எல்வி தாமஸும். இரண்டு பெண்கள், இரண்டு கிட்டார். 1930-ல் கிராஃப்டன் போய்ப் பாராமவுண்டுக்காகப் பாடினார்கள். இருவரும் சேர்ந்து விட்டுச் சென்றது மொத்தம் ஆறு பாட்டு. 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் புளூஸ்' அவற்றில் ஒன்று. போருக்குப் போகும் ஒரு தகப்பனின் கடைசிச் சொற்களில் தொடங்கும் பாட்டு அது. அசல் தட்டின் பிரதிகளை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கீச்சி வைலியின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எல்வி தாமஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. அவர் பெயர் எல்வி இல்லை, எல். வி. என்ற இரண்டு எழுத்து. தட்டில் பெயர் அச்சடித்தவர் காதில் விழுந்ததை ஒரே சொல்லாக எழுதிவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் பல காலம் இல்லாத ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறிப்போன தாத்தா பாட்டி நம் குடும்பங்களில் எத்தனை பேர்! 1961-ல் மேக் மெக்கார்மிக் என்ற ஆய்வாளர் ஹியூஸ்டன் நகரில் அந்த அம்மாவை நேரில் கண்டு பேட்டி எடுத்தார். ஆனால் அதை அவர் வெளியிடவில்லை. 2014-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தபோதுதான் அந்தப் பேட்டி உலகத்துக்குத் தெரிந்தது. நடுவில் 50 வருடத்துக்கு மேல் போய்விட்டது. பதிவு செய்தால் மட்டும் போதாது, அது அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, வில்லி பிரவுன். இவரும் 1930-ல் கிராஃப்டனில் பாடினார். கூடப் போனவர்கள் சார்லி பாட்டன், சன் ஹவுஸ் போன்ற பெரிய கலைஞர்கள். வில்லி பிரவுன் அங்கே தன் பெயரில் பாடிய ஒரு தட்டு, அதாவது இரண்டு பாட்டு, கிடைத்திருக்கிறது. இன்னொரு தட்டும் வெளிவந்ததாகக் கம்பெனிப் பட்டியலில் பாட்டின் பெயரோடு இருக்கிறது. அந்தத் தட்டைச் சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடுகிறார்கள். தலைப்பு இருக்கு, பாட்டு இல்லை. சங்க நூல்களில் பெயர் மட்டும் தெரிந்து ஏடு கிடைக்காமல் போனவை இருக்கிறதே, அதே கதைதான்.

மூன்றாவது, மிசிசிப்பி ஜான் ஹர்ட். மென்மையான குரல், விரலால் மீட்டும் தெளிவான கிட்டார். 1928-ல் ஓகே கம்பெனிக்காக மெம்ஃபிஸ், நியூயார்க் ஆகிய இரண்டு நகரங்களில் பாடினார். தட்டு அதிகம் விற்கவில்லை. பொருளாதார மந்தமும் வந்துவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பி விவசாய வேலையைப் பார்த்தார். 35 வருடம் கழித்து டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய தட்டு ஒன்றைக் கேட்டார். அதில் அவலான் தன் சொந்த ஊர் என்று ஹர்ட் பாடியிருந்தார். புது வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை, பழைய வரைபடத்தில் இருந்தது. 1963-ல் அங்கே போய் விசாரித்தால் ஜான் ஹர்ட் உயிரோடு இருக்கிறார், இன்னும் நன்றாகவே வாசிக்கிறார்! அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966-ல் இறக்கும்வரை மூன்று வருடம் அவருக்கு மரியாதை கிடைத்தது.

மாணவர்களே, இங்கே கவனியுங்க. பாட்டில் வந்த ஓர் ஊர்ப் பெயர் ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க உதவியது. நம் தோட்டப் பாட்டுகளிலும் தோட்டத்துப் பெயர், கங்காணி பெயர், கப்பல் பெயர் வரும். 'இது சும்மா ஒரு பேரு' என்று தள்ளிவிடாதீங்க.

நான்காவது, எலிசபெத் காட்டன். இடக்கை வாத்தியக்காரர். வலக்கைக்காரருக்கான கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். இவருடைய விரல் நடை புளூஸுக்கும் நாட்டுப்பாட்டுக்கும் நடுவில் நிற்கும். சிறு பிள்ளையாக இருந்தபோதே 'ஃப்ரெய்ட் டிரெய்ன்' என்ற பாட்டை அமைத்தார். பிறகு கல்யாணம், பிள்ளை, வீட்டு வேலை என்று பல வருடம் கிட்டாரைத் தொடவே இல்லை. வயதான காலத்தில் அவர் வீட்டு வேலைக்குச் சேர்ந்த குடும்பம், தற்செயலாக, நாட்டுப்புற இசை ஆய்வு செய்யும் சீகர் குடும்பம். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. மைக் சீகர் அவரைப் பதிவு செய்தார். 1958-ல் முதல் இசைத்தட்டு வந்தபோது அவர் 60 வயதைத் தாண்டியிருந்தார். 1985-ல் கிராமி விருதும் கிடைத்தது. நம் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு என்ன பாட்டு தெரியும் என்று நாம் யாராவது கேட்டிருக்கோமா?

எழுத முடியாத பாட்டு

இவர்களோடு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பிளைண்ட் வில்லி ஜான்சன், கண்பார்வை இல்லாதவர். தெருவில் தேவ கானங்களை புளூஸ் பாணியில் கிட்டாரோடு பாடியவர். 1927 முதல் 1930 வரை கொலம்பியா கம்பெனிக்காக 30 பாட்டு பதிவு செய்தார். 1945-ல் வறுமையில் இறந்தார். அவருடைய பாட்டு ஒன்றில் வார்த்தையே கிடையாது. கிட்டார் சறுக்கி அழ, அவர் கூடவே முனகுவார், அவ்வளவுதான். 1977-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய இரண்டு வாயேஜர் கலங்களில் ஒவ்வொன்றிலும் தங்க முலாம் பூசிய ஒரு தட்டு இருக்கிறது. பூமியின் இசை என்று தேர்ந்தெடுத்த சிலவற்றில் இந்த முனகலும் ஒன்று.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? தமிழாசிரியர்களான நமக்குப் பாட்டு என்றால் உடனே வரிகள்தான் ஞாபகத்துக்கு வரும். வரியை எழுதி, அருஞ்சொற்பொருள் கொடுத்து, அணி நயம் எழுதினால் முடிந்தது என்று நினைப்போம். வார்த்தையே இல்லாத இந்தப் பாட்டை அப்படி எழுதினால் தாளில் என்ன இருக்கும்? வெற்றிடம்தான். நம் ஒப்பாரியிலும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு விசும்பல் வரும். தாலாட்டில் நாவை அசைத்து எழுப்பும் ஓசை வரும். எந்தப் புத்தகமும் அதைப் பிடித்து வைக்க முடியாது. பாட்டில் பாதி அதில்தான் இருக்கு.

தோட்டத்துக்கே போன பதிவுக் கருவி

இதுவரை சொன்ன தட்டுகளில் பெரும்பாலானவை வியாபாரத்துக்குப் போட்டவை. இன்னொரு வகைப் பதிவும் உண்டு, அது ஆய்வாளர் நேரில் போய்ச் செய்வது. 1941-ல் ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து மிசிசிப்பியில் ஓர் ஆய்வைத் தொடங்கின. ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் ஆகியோர் கனமான பதிவுக் கருவியை ஏற்றிக்கொண்டு ஸ்டோவால் பருத்தித் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு தொழிலாளியின் வீட்டில் வைத்து அவர் பாட்டைப் பதிந்தார்கள். அவர் பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். தன் குரலைத் தானே திரும்பக் கேட்டபோது, நாமும் பாடகர்தான் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. 1943-ல் சிகாகோ போனார். மட்டி வாட்டர்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

பதிவு செய்தவர்களிலும் ஒருவர் மறைந்துபோனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். லோமாக்ஸ் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. கறுப்பினப் பேராசிரியரான ஜான் வொர்க் எழுதிய பகுதி பல காலம் அச்சுக்கே வரவில்லை. 2005-ல்தான் 'லாஸ்ட் டெல்டா ஃபவுண்ட்' என்ற நூலாக வந்தது.

நம் நாட்டில்

புளூஸ் நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை. 1970-களில் நம் நாட்டில் 'புளூஸ் கேங்' என்று ஒரு குழு இருந்தது. நெகிரி செம்பிலான் வட்டார மலாயில் அவர்கள் பாடிய 'அப்போ நாக் டிக்காத்தோ' இன்றும் பலர் வாயில் இருக்கிறது. பாடகர் இத்தோவைப் பலருக்குத் தெரியும். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் ஜிம் மாடசாமி. பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. மலேசிய இசை வரலாற்றில் அவர் பெயரை எத்தனை தமிழ் மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நம் பேராக்கிலேயே இன்னொருவர், ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த பால் பொன்னுதுரை. ஒற்றைக் கிட்டாரும் தன் குரலும் மட்டும் வைத்து, எல்லாருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து மெட்டையும் தாளத்தையும் தலைகீழாக மாற்றிப் புதுப் பாட்டாக்கிவிடுவார். புளூஸ், ராக் எல்லாம் அதில் கலந்திருக்கும். டைம் இதழ் அவரைப் பற்றி எழுதியது. 2012 ஜூலையில் மறைந்தார். அவரை இன்று கேட்க வேண்டுமானால் ரசிகர்கள் கைப்பேசியிலும் கேமராவிலும் பிடித்து இணையத்தில் போட்ட காணொளிகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கு. அன்று தட்டுக் கம்பெனி செய்ததை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரசிகர் செய்திருக்கிறார்.

இனி தோட்டப் பாட்டுக்கு வருவோம். புளூஸ் தட்டுகள் வந்த அதே 1920-களிலும் 30-களிலும் மலாயாவில் தமிழ்த் தட்டுகள் விற்றன. அவை பெரும்பாலும் கீர்த்தனை, நாடகப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. பால்மரம் வெட்டுகிறவர் பாடியதைத் தட்டாகப் போட்டால் விற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே அந்தத் தலைமுறையின் குரல் போய்விட்டது.

எழுத்தில் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். கவிஞர் முரசு நெடுமாறனும் இந்தப் பணியில் உழைத்தவர். முத்தம்மாள் பழனிசாமி தன் வரலாறாக 'நாடு விட்டு நாடு' எழுதியதோடு, 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்ற நூலையும் தந்தார். இவர்கள் இல்லை என்றால் வரிகூட மிஞ்சியிருக்காது. தேர்வில் நாட்டுப்புறப் பாடல் பற்றிக் கேட்டால் இந்தப் பெயர்களைத் தயங்காமல் எழுதுங்கள்.

ஆனால் குரல்? சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942, 1943 ஆண்டுகளில் சுமார் 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் பல ஆயிரம் பேர். கீச்சி வைலி பாடியதும் போருக்குப் போனவரைப் பற்றித்தான். அவர் குரலில் அது 3 நிமிடமாய் இன்றும் ஒலிக்கிறது. சயாமுக்குப் போன கணவனை நினைத்து லயத்து வாசலில் பாடிய பெண்ணின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே போவது?

அந்தப் பாட்டுகளைப் பாட இடமும் இல்லாமல் போய்விட்டது. 1950-களின் கடைசியிலிருந்து தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கத்தான் நம் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, சனம் பட்டணத்துக்குப் போனது. பாட்டு தெரிந்தவர்கள் இப்போது சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் பிள்ளைகள் வாங்கிய தாமான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து அங்கேயே வேலை செய்த அந்தத் தலைமுறைக்கு இப்போது 75, 80 வயது. இன்னும் பத்து வருடம் கழித்து இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை.

என்ன செய்யலாம்?

1941-ல் லோமாக்ஸும் வொர்க்கும் காரில் ஏற்றிப் போன கருவியைவிட நல்ல கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப் பையிலும் இருக்கு. இடுபணிக்கு இணையத்தில் தேடி வெட்டி ஒட்டுவதைவிட, ஒரு பாட்டியிடம் ஒரு பாட்டைப் பதிவு செய்து வருவது மேல். மேலே பார்த்த கதைகளிலிருந்தே சில விதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

பாடியவரின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுங்கள். ரயில் நிலையத்துக் கலைஞருக்கும் எல். வி. தாமஸுக்கும் நடந்தது நம் பாட்டிக்கு நடக்கக் கூடாது. பெயர், வயது, பிறந்த தோட்டம், யாரிடம் கற்றார், எந்த வேலையில் அல்லது சடங்கில் பாடுவது, பதிவு செய்த நாள், பதிவு செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். தாள் தொலைந்தாலும் குரலோடு தகவல் இருக்கும்.

முதலில் அனுமதி கேளுங்கள். ஒப்பாரியை நல்ல நாளில் வீட்டுக்குள் பாட மாட்டேன் என்று பலர் சொல்வார்கள். வற்புறுத்தாதீங்க. கோயில் பக்கமோ வேறு இடத்திலோ பாடச் சம்மதிக்கலாம், இல்லை என்றால் தாலாட்டோ கும்மியோ கேளுங்கள்.

நடுவில் நிறுத்தாதீங்க. 3 நிமிடக் கட்டுப்பாடு தட்டுக்குத்தான், நமக்கு இல்லை. மறந்து தடுமாறினாலும், இருமினாலும், அழுதாலும் ஓடட்டும்.

எழுதும்போது திருத்தாதீங்க. ஆசிரியர்களுக்குச் சிவப்புப் பேனா சும்மா இருக்காது என்பது தெரியும். 'வெட்டப் போறேன்' என்று பாடினால் 'வெட்டச் செல்கிறேன்' என்று மாற்றக் கூடாது. மலாய்ச் சொல் கலந்திருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். எந்தக் காலத்தில், எந்த மக்களோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கலப்பே சான்று.

கடைசியாக, இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று பாடியவரின் குடும்பத்திடம். நல்ல தொகுப்பாகச் சேர்ந்தால் வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம். ஒரு கைப்பேசியில் மட்டும் கிடந்தால் அது மெக்கார்மிக் எடுத்த பேட்டி மாதிரி 50 வருடம் பெட்டிக்குள் தூங்கும், அல்லது கைப்பேசியோடு போகும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடியவரின் ஒலிப்பதிவு ஒரு முதன்மைச் சான்று. அதைக் கேட்டு ஆராய்ந்து பின்னாளில் ஒருவர் எழுதிய கட்டுரை துணைச் சான்று. முதன்மைச் சான்று என்பதால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று பொருள் இல்லை. யார் பதிந்தது, எதற்காகப் பதிந்தது, எதை விட்டது என்ற மூன்று கேள்வியையும் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். வில்லி பிரவுனுக்கு ஒரு தட்டுதான் மிஞ்சியது என்பதால் அவருக்கு இரண்டே பாட்டுதான் தெரியும் என்று எழுதினால் எவ்வளவு தவறோ, தோட்டப் பாட்டு குறைவாகக் கிடைப்பதால் தோட்டத்தில் பாட்டு குறைவு என்று எழுதுவதும் அவ்வளவு தவறு.

பள்ளி விடுமுறை வருகிறது. உங்கள் தாமானிலோ கம்பத்திலோ தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் கண்டிப்பாக இருப்பார். போய்ப் பேசுங்கள். வரும்போது "தோட்டப்புற மக்கள் பெரும் துன்பங்களை அனுபவித்தனர்" என்ற அதே வரியை எழுதுங்கள். இந்த முறை அதன் கீழே ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி, ஒரு பாட்டு இருக்கும்.